பிப்ரவரியில் பெய்த மழை

பதின்மூன்று ஆண்டுகள் ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்தவர் பொய் அல்ல, என் சொந்தத் தயாரிப்பு. மாணவனாக இருந்தபோது நான் எழுதியதை, நான் ஆசிரியரான பிறகு என் மாணவர்கள் என்னிடமே எழுதிக் கொடுத்தார்கள். நானும் ஓரத்தில் 'நல்ல கவனிப்பு' என்று எழுதி, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அப்போது, உண்மையைச் சொன்னால், லேசாகப் பெருமையாக இருந்தது. ஒரு மனிதன் எழுதியதை இத்தனை பேர் வருடா வருடம் உட்கார்ந்து கைவலிக்கப் படியெடுக்கிறார்கள் என்றால் சும்மாவா.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் யமுனா. எங்கள் வரலாற்றுத் துறையில் இருக்கும் இளம் ஆசிரியர். நான் ஓய்வுபெற்ற பிறகும் என்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிற ஒரே ஆள். போன மாதம் கூப்பிட்டார்.

"சார், இந்த வருஷத்துலேர்ந்து ரெக்கார்டு நோட்டு கிடையாது. பசங்க அந்தந்த எடத்துல நின்னு போட்டோ எடுத்து அப்லோடு பண்ணணும். எங்க நின்னாங்கன்னு மேப்பே காட்டிடும். நோட்டு காலத்தைப் பத்தித் துறை மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க சார்."

"எவ்வளவு எழுதணும்?"

"கொஞ்சம் பெருசாவே இருக்கலாம் சார். ஆனா நடந்ததா இருக்கணும்."

இந்தக் கடைசி நிபந்தனையை அவர் ஏன் போட்டார் என்று தெரியவில்லை. துறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் வரலாற்றைத் தேடிப் போனவன் அல்ல. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில் இருந்த அந்தக் கல்லூரியில் பி.காம். விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பி.காம். தீர்ந்துவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர், ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்றால் கோதுமையைக் காட்டுவார்களே, அந்த மாதிரி, "ஹிஸ்டரி இருக்கு" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். வகுப்பில் அறுபது பேர். அத்தனை பேரும் இப்படி வந்தவர்கள்தான். ஒருவன் மட்டும் விரும்பிச் சேர்ந்ததாகச் சொன்னான். அவனை நாங்கள் நம்பவில்லை.

மூன்றாம் ஆண்டில் 'உள்ளூர் வரலாறு' என்று ஒரு தாள். அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் அடையாற்றங்கரைப் பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கோயிலுக்கு வகுப்பாகப் போய், நான்கு சுவரையும் பார்த்து, குறிப்பெடுத்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பழுப்புத்தாள் அட்டை, இடப்பக்கம் படம், வலப்பக்கம் விளக்கம். பிறகு வெளிக் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். கோயிலின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். குருக்கள் மனம் புண்படக்கூடாது, அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

வகுப்பு கோயிலுக்குப் போன அன்று நான் கே.கே. நகரில் இருந்தேன். அங்கே பெரியம்மா வீட்டில் கலர் டிவி வந்திருந்தது. அன்று பெங்களூரில் கிரிக்கெட். கொஞ்ச நேரம் ஆட்டம் நடந்தது, பிறகு மழை பிடித்துக்கொண்டது. மைதானத்தைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்ததைக் கலரில் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா நடுவில் இரண்டு தடவை உப்புமா கொடுத்தார்.

மறுநாள் ஒரு நண்பனின் நோட்டை வாங்கி எழுதத் தொடங்கினேன். கிழக்கு, தெற்கு, மேற்குச் சுவர்களைப் பற்றி அவன் நன்றாக எழுதியிருந்தான். வடக்குச் சுவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்படியே காப்பியடித்தால் மாட்டிக்கொள்வேன் என்று மட்டும் தோன்றியது. எனவே காலியாக இருந்த வடக்குச் சுவரில் ஒரு கல்வெட்டை வைத்தேன்.

பழைய கோயில்களில் விளக்கெரிக்க ஆடு தானம் கொடுத்ததாகக் கல்வெட்டுகள் உண்டு. ஆட்டை இடையரிடம் ஒப்படைப்பார்கள், அவர் பதிலுக்குக் கோயிலுக்கு நெய் அளப்பார், விளக்கு எரியும். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது வழக்கம். அதை வகுப்பில் சொன்ன அன்றும் நான் போகவில்லை. ஆகையால் என் யோசனைக்கு எட்டியபடி நாற்பது ஆடு என்று எழுதினேன். தானம் கொடுத்தவருக்கு ஒரு பெயர் வேண்டும். பெரியம்மா பெயர் அலமேலு. 'அலர்மேல் நங்கை' என்று அதைக் கொஞ்சம் பழையதாக்கினேன். ஏழு வரி எழுதியதும் சரக்கு தீர்ந்துவிட்டது. கல்வெட்டு என்றால் பத்து வரியாவது இருந்தால்தான் மதிப்பு என்று ஒரு எண்ணம். முந்தைய நாள் பெங்களூர் மழை ஞாபகம் வந்தது. 'மழை பெய்துகொண்டிருந்தபடியால் கடைசி மூன்று வரிகளைப் படிக்க இயலவில்லை' என்று முடித்தேன்.

வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். வேறு யாரும் கவனிக்காத ஒன்றை நான் கவனித்திருக்கிறேனாம். ஓரத்தில் 'நல்ல கவனிப்பு' என்று எங்கள் ஆசிரியர் எழுதினார். அந்த நோட்டைத் துறை அலமாரியில் மாதிரிக்கென்று வைத்துக்கொண்டார்.

பிறகு எம்.ஏ., எம்.ஃபில்., தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த டுடோரியலில் நான்கு வருடம் உலக வரலாறு முழுவதையும் மூன்று மாதத் தவணைகளில் சொல்லிக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னாலே போதும். எட்டு வருடம் கழித்து அதே கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் பிப்ரவரியில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. முதல் நோட்டைப் பிரித்தேன். வடக்குச் சுவரில் அலர்மேல் நங்கை நின்றார். நாற்பது ஆடுகளும் நின்றன. மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டாவது நோட்டிலும் மழை. அறுபது நோட்டிலும் மழை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தகுதிகாண் காலம் என்று ஒன்று இருக்கிறது, அது மனசாட்சிக்கு ரொம்ப வசதியான காலம். அது முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். முடிந்தபோது வேறு வேலை இருந்தது.

எங்கள் துறை அட்டெண்டர் நடேசன். வாய்மொழித் தேர்வு முடிந்த பழைய நோட்டுகள் கிடக்கும் ஸ்டோர் ரூமின் சாவி அவரிடம்தான் இருக்கும். ஜனவரி பிறந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அவரிடம் திடீரென்று மரியாதையாகப் பேசுவார்கள், அவரும் ஆள் பார்த்து ஆளுக்கொரு பழைய நோட்டு எடுத்துக் கொடுப்பார். பிள்ளைகள் கோயிலுக்குப் போகாமல் இல்லை, வருடா வருடம் போனார்கள். வாசலில் குழுப் படம் எடுத்துக்கொண்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். கூட்டிப் போக வேண்டிய நான் வாசலிலேயே தலைகளை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த வடக்குச் சுவரைப் பார்க்க எனக்கு ஒரு கூச்சம்.

நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கும்போது நடேசன் கேட்பார்:

"இன்னா சார், இந்த வருசமும் மழையா?"

"நீங்க இதையெல்லாம் படிக்கிறீங்களா நடேசன்?"

"ஸ்டோர்ல ஒக்காந்துகினு வேற இன்னா பண்றது? நானும் இந்தூர்லதான் கீறேன். பிப்ரவரில ஒரு தூறல் கண்டதில்ல. நம்ம நோட்டுல மட்டும் கோயிலு நனைஞ்சிகினே கீது."

அவர் ஒருவர்தான் கேட்டார். நான் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அறுபது நோட்டுக்குச் சரியாக நாற்பது நிமிடம். பக்கத்தைப் புரட்டக்கூடத் தேவையில்லை. கட்டைவிரலால் கடைசிப் பக்கத்தைத் தூக்கி, 'நல்ல கவனிப்பு', தேதி, அடுத்தது.

பொய் இதற்கிடையில் என்னைவிட வேகமாகப் பதவி உயர்வு பெற்றது. ரெக்கார்டில் பதில் எழுதத் துறை அச்சடித்துக் கொடுக்கும் வினாத்தாளில் 'வடக்குச் சுவர்க் கல்வெட்டைப் பற்றி விரிவாக எழுதுக' என்று ஒரு கேள்வி சேர்ந்தது. வேறொரு கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சிகாமணி இந்தத் தாளுக்கு ஒரு கையேடு எழுதினார். வாய்மொழித் தேர்வுக்கு வெளித் தேர்வாளராக வருபவரும் அவர்தான். எங்கள் நோட்டுகளைப் பார்த்துக் கல்வெட்டைத் தன் கையேட்டில் சேர்த்தார். நாற்பது ஆட்டில் எப்படி ஒரு விளக்கு எரியும் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. நல்ல ஆராய்ச்சியாளர். அடையாற்றங்கரையில் அக்காலத்தில் புல் செழிப்பாக இருந்ததாகவும், ஆடுகள் இரு மடங்கு பால் கறந்ததாகவும் நான்கு பக்கம் எழுதினார். படித்தபோது எனக்கே நம்பிக்கை வந்தது.

நிலைமை இப்படி இருக்கும்போது எங்களுக்குப் புதிய துறைத் தலைவர் வந்தார். கனகவல்லி மேடம். மயிலாப்பூரில் பெரிய கோயில் குளத்துக்குப் பின்னால் வீடு. பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, வீட்டிலிருந்தே கொண்டுவந்த டம்ளரில்தான் காபி. குரலை உயர்த்தியதே கிடையாது. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில், "உக்காருங்கோ" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டவர் நாற்காலியை இழுப்பதற்குள் பாதித் தப்பை ஒத்துக்கொண்டிருப்பார்.

அவர் வந்த முதல் கூட்டத்தில் நான், பதின்மூன்று வருட அனுபவத்தின் கம்பீரத்தோடு, "பசங்களுக்கு ஹிஸ்டரில இன்ட்ரஸ்டே இல்ல மேடம்" என்றேன்.

"எங்க பாத்தேள்?"

"கிளாஸ்லதான் மேடம். தூங்கறாங்க."

"எந்தக் கிளாஸ், எந்த ஹவர்? எத்தனை பேர்?"

அடுத்த இரண்டு வாரம் எண்ணி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எண்ணினேன். சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில் மட்டும்தான் தூங்கினார்கள். அதிலும் மின்விசிறிக்குக் கீழே இருந்த இரண்டு வரிசை மட்டும். வரலாற்றின் மேல் பழி போட முடியவில்லை. மேடம் என் தாளை வாங்கிப் பார்த்து, பச்சை மையில் 'கண்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'எங்க பாத்தேள்' என்பது அவருக்கு அதட்டல் அல்ல. பிறர் "சௌக்கியமா" என்று கேட்பதுபோல அதைக் கேட்பார். ராத்திரி திருவான்மியூரில் நல்ல மழை என்று யாராவது சொன்னால்கூட, "எங்க பாத்தேள்? பாத்தேளா, யாராவது சொன்னாளா?" என்பார். சொன்னார்கள் என்றால் யார் சொன்னது, அவர் பார்த்தாரா. இப்படியே போய், முதலில் பார்த்த ஆளைப் பிடிக்கும் வரை விடமாட்டார். வரலாறு என்பது இதுதான், மற்றதெல்லாம் மனப்பாடம் என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு எம்.ஏ.யில் இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தும் புரியாதது அந்த நிமிடத்தில் புரிந்தது. புரிந்ததோடு கொஞ்சம் பயமும் வந்தது.

அந்த வருடம் மூன்றாம் ஆண்டில் ஜெசிந்தா என்று ஒரு பெண். சாந்தோம் பக்கத்திலிருந்து வருவாள். அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிப்ரவரியில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது, கோயிலுக்குப் போன அன்று வகுப்போடு போகவில்லை. மற்றவர்களெல்லாம் நோட்டைக் கொடுத்து ஒரு வாரம் ஆன பிறகு தன்னுடையதைக் கொண்டுவந்தாள்.

"சார், லேட்டுன்னு மார்க்கக் கொறச்சுடாதீங்க சார். எல்லாப் பேப்பரும் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல பாஸானாத்தான் எங்க சர்ச் டிரஸ்டுல எம்.ஏ. படிக்க வைப்பாங்க. இதுல ஒண்ணு போச்சுன்னா அப்பா வேலைக்குப் போன்னுடுவாரு. ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு கம்பெனில ஏற்கனவே சொல்லி வச்சிட்டாரு."

"எம்.ஏ. என்ன படிக்கப் போற?"

"ஹிஸ்டரிதான் சார்."

விரும்பிப் படிக்கிற இன்னொரு ஆள். நான் நெகிழ்ந்துபோய், கட்டைவிரலால் கடைசிப் பக்கத்தைத் தூக்கி, 'நல்ல கவனிப்பு' என்று எழுதினேன்.

வாய்மொழித் தேர்வு அன்று டாக்டர் சிகாமணி வந்தார். நல்ல உயரம், கம்பீரமான குரல், யாரையும் மட்டம் தட்டாத மனிதர். அவரை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்து, வடையும் காபியும் கொடுத்து, நோட்டுகளை வரிசை எண்படி அடுக்கி வைப்பது நடேசன் பொறுப்பு. உள்தேர்வாளராக நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும். அவர் போடும் மதிப்பெண்ணுக்கு நானும் கையெழுத்திட்டால்தான் செல்லும். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் தேர்ச்சி. நாற்பதுக்குக் கீழே யாரும் போனதே இல்லை.

ஜெசிந்தாவின் முறை வந்தது. சிகாமணி நோட்டைப் புரட்டினார். வழக்கமான இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எனக்காக உரக்கப் படித்தார்:

"'வடக்குச் சுவரில் கல்வெட்டு எதுவும் இல்லை. மூன்று நாட்கள் போய்ப் பார்த்தேன். சுவர் முழுவதும் வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. மூன்று நாளும் வெயில் கடுமையாக இருந்தது.' என்னம்மா இது?"

"இல்ல சார். அதான் அப்படி எழுதினேன்."

"நீ கோயிலுக்குப் போனியா?"

"மூணு தடவை போனேன் சார்."

"போயிருந்தா கல்லைப் பாத்திருப்ப. ஐம்பத்தொன்பது பேர் பாத்திருக்காங்க, நீ மட்டும் பாக்கல. சரி, வெளியில இரு." அவள் போனதும் என்னிடம் திரும்பினார். "போகாமயே எழுதியிருக்கு சார் இந்தப் பொண்ணு. இதுக்கு நீங்க வேற 'நல்ல கவனிப்பு'ன்னு போட்டிருக்கீங்க."

இருபத்தோரு வருடத்தில் அந்தக் கோயிலுக்குப் போய் அந்தச் சுவரைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். போகவில்லை என்று தீர்ப்பு அவளுக்கு. சிகாமணி மதிப்பெண் பட்டியலில் இருபத்தெட்டு என்று எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. போடாமலும் இல்லை. என் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு, மை வரவில்லை என்று பேனாவை உதறினேன். மை நன்றாக வந்துகொண்டிருந்தது. இரண்டாவது உதறலில் கனகவல்லி மேடம் உள்ளே வந்தார். பட்டியலைப் பார்த்தார். இருபத்தெட்டில் விரலை வைத்தார்.

"இது ஏன்?"

சிகாமணி விளக்கினார். மேடம் நோட்டை வாங்கி முழுதும் படித்தார், நின்றபடியே. பிறகு கேட்டார்:

"கல்வெட்டு இருக்குன்னு எங்க பாத்தேள்?"

"என் புத்தகத்துலயே இருக்கு மேடம்."

"அதுக்கு எங்க பாத்தேள்?"

"உங்க காலேஜ் ரெக்கார்டுகள்தான். ஒண்ணா ரெண்டா, நூத்துக்கணக்குல. இத்தனை பேரா பொய் சொல்வாங்க?"

"சொல்ல மாட்டா. ஆனா எல்லா நோட்டுலயும் மழை பெய்யறது. பிப்ரவரியில." மேடம் மற்ற நோட்டுகளையும் எப்போது படித்தாரோ. "ஆட்டோல போனா கால் மணி நேரம். போய்ப் பாத்துட்டு வந்துடலாமே."

இரண்டு ஆட்டோவில் போனோம். மேடமும் ஜெசிந்தாவும் ஒன்றில், நானும் சிகாமணியும் இன்னொன்றில். வழியெல்லாம் சிகாமணி ஆடுகளைப் பற்றிப் பேசினார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் வடக்குச் சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். குளியலறைக்குப் போடுகிற தினுசு. மேடம் குருக்களிடம் விசாரித்தார்.

"நான் வந்து ரெண்டு வருஷம்தான் ஆறது மாமி. இதெல்லாம் எனக்கு முன்னாடியே ஒட்டிட்டா. பின்னாடி கல்லு இருக்கா, செங்கல்லு இருக்கா, எனக்குத் தெரியாது."

சிகாமணியின் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா மேடம். கல்வெட்டு உள்ள இருக்கு. திருப்பணின்னு சொல்லி மூடிட்டாங்க. இந்தப் பொண்ணு டைல்ஸைப் பாத்துட்டு இல்லைன்னு எழுதிடுச்சு. சரி, கோயிலுக்கு வந்திருக்கு, அதை ஒத்துக்கறேன். ஆனா இல்லைன்னு எதை வச்சுச் சொல்றது? இருந்ததுக்கு இருபது வருஷ ஆதாரம் இருக்கு."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். டைல்ஸைப் பெயர்க்க முடியாது. ஒரு பக்கம் அலமாரி நிறைய நோட்டு, அச்சிட்ட புத்தகம், பேராசிரியர். இன்னொரு பக்கம் அம்மைத் தழும்பு ஆறாத ஒரு பெண், அவள் சொல்லும் 'பாக்கல' என்ற ஒரு சொல். வரலாற்று முறைப்படி அவள் தோற்க வேண்டியதுதான். அவளும் அதைப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். அந்தப் பிராகாரத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருந்தது.

"உக்காருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன்.

"நீங்க இந்தக் காலேஜ்லதானே படிச்சேள். டைல்ஸ் ஒட்டறதுக்கு முந்தி. கல்வெட்டு இருந்துதா? நீங்க பாத்தேளா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். தோன்றியது. 'ஞாபகமில்லை மேடம்' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்திருக்காது. எனக்கு ஓய்வூதியம் வந்திருக்கும், அந்தப் பெண் ஈக்காட்டுத்தாங்கல் போயிருப்பாள்.

"நான் பாக்கல மேடம். யாருமே பாக்கல. அத நான்தான் எழுதினேன்."

கோயில் மணி அடிக்கும் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. குருக்கள் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து நின்றுகொண்டார். மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், நோட்டுத் திருத்துவது மாதிரி.

"அலர்மேல் நங்கை?"

"எங்க பெரியம்மா மேடம். கே.கே. நகர்ல இருக்காங்க."

"நாப்பது ஆடு?"

"தொண்ணூறுன்னு அப்போ தெரியாது."

"மழை?"

"பெங்களூர்ல பெஞ்சுது மேடம். டிவில பாத்தேன்."

"அது ஒண்ணாவது பாத்தேளே" என்றார்.

சிகாமணி என் பக்கத்தில் வந்து அந்த மேடையில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணாவது பதிப்பு அச்சுல இருக்கு சார்" என்றார், மெதுவாக. பிறகு ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, பிராகாரத்திலேயே நிற்கவைத்து, மற்ற மூன்று சுவர்களைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்டார். ஏழுக்குப் பதில் சொன்னாள். இருபத்தெட்டை அடித்துவிட்டு எண்பத்தொன்று என்று எழுதி, அடித்ததற்குத் தனியாகக் கையெழுத்தும் போட்டார். அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் மறந்ததில்லை. அவருடைய மூன்றாம் பதிப்பில் கல்வெட்டுப் பகுதியின் முடிவில் ஒரு வரி சேர்ந்தது: 'இக்கல்வெட்டு தற்போது காணப்படவில்லை.' அந்தப் புத்தகத்திலேயே மறுக்க முடியாத வாக்கியம் அதுதான்.

மேடம் என்ன செய்வார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். முதல்வரிடம் போகும் என்று ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனத்துக்குள் எழுதிக்கூட வைத்தேன். மூன்றாம் நாள் நடேசன் ஒரு புது ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பழுப்புத்தாள் அட்டை போட்டு, லேபிளில் என் பெயர்.

"மேடம் குடுக்க சொன்னாங்க. கோயிலுக்குப் போய்ப் பாத்துட்டு எழுதணுமாம். என்னாண்ட பழைய நோட்டு கேக்கக் கூடாதாம்."

போனேன். நான்கு சுவரையும் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, எங்கே பார்த்தது என்று ஒரு கட்டம் போட்டு எழுத வேண்டும். பத்துப் பக்கம் எழுத நான்கு நாள் ஆனது. ஐம்பத்தைந்து மதிப்பெண் போட்டுக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு குறிப்பு: 'மேற்குச் சுவரை மறுபடி பார்க்கவும். வானிலை குறிப்பிடப்படவில்லை.'

ஸ்டோர் ரூமில் இருந்த அத்தனை நோட்டுகளையும் எரித்துவிடலாம் என்று நான் சொன்னபோதுதான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "இது கோயிலுக்கு ஆதாரம் இல்ல. ஆனா பசங்களுக்கு ஆதாரம். உங்களுக்கும் ஆதாரம். யார் யாரைப் பாத்து எழுதினா, எந்த வருஷம் எந்தத் தப்பு புதுசா சேந்துது, எல்லாம் இதுல இருக்கு. யாராவது ஆதாரத்தை எரிப்பாளா?" என்றார். அவற்றை வருட வாரியாக அடுக்கவைத்தார். அடுத்த ஜூனிலிருந்து மூன்றாம் ஆண்டுக்கு முதல் வகுப்பே அதுதான்: அறுபது பேரிடமும் ஆளுக்கொரு பழைய நோட்டைக் கொடுத்து, எது எதிலிருந்து பிறந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்வது. ஒரு வருடம் ஆடு நானூறாகியிருந்தது. இன்னொரு வருடம் நங்கை நம்பி ஆகிவிட்டார். தேடித் தேடிப் போய்க் கடைசியில் என் நோட்டில் வந்து முட்டுவார்கள். அந்த வகுப்பை எடுக்க வேண்டியவன் நான். மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார்.

மேடத்தோடு ஒன்பது வருடமும், அவர் ஓய்வுபெற்ற பிறகு எட்டு வருடமும் அந்த வகுப்பை எடுத்தேன். நான் எடுத்ததிலேயே உருப்படியான வகுப்பு அது. சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தாலும் யாரும் தூங்கியதில்லை. பி.காம். தீர்ந்துபோனதற்காக அந்தக் கவுன்ட்டர்காரருக்கும், 'உக்காருங்கோ' சொன்னவருக்கும், மூன்று தடவை வெயிலில் போய் நின்ற பெண்ணுக்கும் நான் கடன்பட்டவன். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் பிரிவு உபசார விழாவுக்கு ஜெசிந்தா வந்திருந்தாள். எம்.ஏ. முடித்து, ஆராய்ச்சியும் முடித்து, அடையாறில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறாள். நான் ஏற்புரையில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு கல்லூரியே நம்பிய பொய்யைத் தனி ஆளாக நின்று மறுத்த மாணவி என்றும், உண்மையைத் தேடி மூன்று முறை போன நெஞ்சுறுதி என்றும் மேடைக் குரலில் பேசினேன். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்தேன்.

காபி கொடுக்கும் இடத்தில் பக்கத்தில் வந்தாள்.

"சார், எல்லார் முன்னாடியும் சொல்ல ஒரு மாதிரி இருந்துது. அம்மை எறங்கி நான் காலேஜ் வந்தப்ப நடேசன் அண்ணன்கிட்ட நோட்டு கேட்டேன். இனிமே கெடையாது, ஸ்டோரைப் பூட்டியாச்சுன்னுட்டாரு. ஃப்ரெண்ட்ஸும் சப்மிட் பண்ணிட்டாங்க. வேற வழி இல்லாமத்தான் சார் கோயிலுக்குப் போனேன். மூணு தடவை போனதுகூட, கொஸ்டின் பேப்பர்ல கல்வெட்டுன்னு போட்டிருக்கே, நமக்குத்தான் பாக்கத் தெரியலையோன்னு பயந்துதான்."

அவள் என் காலி டம்ளரை வாங்கித் தட்டில் வைத்தாள்.

"ஒரு நோட்டு கெடச்சிருந்தா," என்றாள், "நானும் மழை பெஞ்சுதுன்னுதான் சார் எழுதியிருப்பேன்."